மாமாவுக்கு எண்டோஸ்கோபி: முதலில் காசுக்கு, பிறகு இலவசமாக

போன வாரம் ஒரு மெசேஜ் வந்தது. 'எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா? 1 முதல் 5 வரை ஓர் இலக்கத்தை அனுப்புங்கள்.' கண்டியில் உள்ள ஒரு தனியார் வைத்தியசாலை அனுப்பியது. மூன்று மாதத்துக்கு முன் மாமாவை எண்டோஸ்கோபிக்கு, அதாவது வாய் வழியாகக் கெமரா குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிற சோதனைக்கு, கூட்டிப்போனபோது பில்லில் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். ஓர் இலக்கத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அதனால் இங்கே எழுதுகிறேன். வைத்தியசாலையின் பெயரை எழுத மாட்டேன். மாமா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார்: "பேரப் போட்டுறாத தாயி. நாளைக்கு ஒண்ணுன்னா அங்கயும்தான் ஓடணும்."

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வயது 61. டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், 34 வருஷம் வேலை செய்தவர். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை என்பதால் முழங்கால் போய்விட்டது. முழங்காலுக்காக டைக்ளோபெனாக் என்ற வலி மாத்திரை. டொக்டர் எழுதிய துண்டு எதுவும் இல்லாமல், டவுனுக்கு வரும்போதெல்லாம் பார்மசியில் பத்துப் பத்தாக வாங்கிப் போட்டார். அந்த மாத்திரையால் வயிறு எரிந்தால் அதற்கு ஒமிப்ரசோல் கெப்சியூல். அதுவும் அதே பார்மசியில்தான். எங்கள் பக்கம் வயிற்றில் எது வந்தாலும் அதற்குப் பெயர் 'கேஸ்ட்ரிக்'. கேஸ்ட்ரிக் இல்லாத வீடு இல்லை, அதற்காக டொக்டரிடம் போனவரும் இல்லை.

தைப்பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில் வாந்தி தொடங்கியது. சாப்பிட்டவுடனே இல்லை. காலையில் சாப்பிட்ட ரொட்டி பொழுது சாயும் நேரத்தில் அப்படியே வெளியே வரும். ஒரு நாள் முந்தின ராத்திரிக் கறியில் போட்ட போஞ்சி, கடித்த அடையாளம்கூடக் குறையாமல் வந்ததாக அத்தை சொன்னார். வாந்தி எடுத்தால் சுகமாகிவிடும். உடனே பிளேன்டீ கேட்பார். அதனாலேயே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோடா குடித்தார், இஞ்சி குடித்தார், வெள்ளை மருந்து போத்தல் நான்கைக் காலி செய்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுத் தரும்படி நான் வேலை செய்கிற கடைக்கு வந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒன்றல்ல, இரண்டு ஓட்டை. 58 கிலோ இருந்தவர் 49 ஆகியிருந்தார்.

டிக்கோயா ஆதார வைத்தியசாலை பக்கத்திலேயே இருக்கிறது. 2017இல் மோடி வந்து திறந்து வைத்த கட்டடம். அன்று மாமாவும் நோர்வூட் மைதானத்துக் கூட்டத்தில் நின்றார். ஆனால் அதற்குள் போகச் சொன்னால் மட்டும் வரமாட்டார். "அங்க போனா நிப்பாட்டி வச்சிருவாங்க புள்ள." வார்டில் சேர்த்துவிடுவார்கள் என்று பயம். மூன்று மாதம் வீணாய்ப் போனதற்கு எந்த வைத்தியசாலையையும் குறை சொல்ல முடியாது. அது எங்கள் வீட்டுக் குறை.

சரி, காசுக்குப் போன இடத்தைச் சொல்கிறேன். நான் ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷனில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, டைப்பிங், மற்றவர்களுக்கு ஒன்லைனில் படிவம் நிரப்பிக் கொடுப்பது. ஆகவே முன்பதிவெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஃபோன் எடுத்த பெண் நன்றாகத் தமிழ் பேசினார். பெயர், வயது, சீனி இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, ஒவ்வாத மருந்து உண்டா என்று கேட்டார். "எட்டு மணித்தியாலம் வெறும் வயிறா வாங்க. தண்ணியும் வேணாம்." அவ்வளவுதான். வாந்தி எடுக்கிறார் என்று நான் சொன்னேன். "ஓகே, டொக்டர் பார்ப்பார்" என்றார். எப்படிப்பட்ட வாந்தி என்று அவர் கேட்கவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று எனக்கும் தெரியாது.

விடியற்காலை நான்கு மணிக்கு வேன். கினிகத்தேனை இறக்கத்தில் மாமா ஒரு தடவை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஓரமாக நின்றார், ஒன்றும் வரவில்லை. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை தாண்டி ஏழு மணிக்குக் கண்டி. வேன்காரத் தம்பிக்கு 16,000 ரூபா. அவருக்கு நான் ஐந்துக்கு ஐந்து போடுவேன். வளைவில் ஒரு முறைகூட மாமா முன் சீட்டில் முட்டவில்லை.

கட்டடம் பளபளவென்று இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. வரவேற்பில் பூச்சாடி, குளிர் போதாதென்று ஏசி வேறு. தோட்டத்துக்காரர் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். படிவம் மூன்று மொழியிலும் இருந்தது, தமிழில் எழுத்துப்பிழையும் இல்லை. படிவம் நிரப்புவதையே தொழிலாக வைத்திருப்பவள் சொல்கிறேன், அது நல்ல படிவம். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. 'இரவு 8.00' என்று எழுதினேன். வயிற்றுக்குள் போனது வெளியேறுகிறதா என்று கேட்கத்தான் கட்டம் இல்லை.

உள்ளே கூட்டிப்போன ஐந்தாவது நிமிஷம் மாமாவை வெளியே கொண்டுவந்தார்கள். குழாயை உள்ளே விட்டால் ஒரே சாப்பாடு. இரவு எட்டு மணிச் சாப்பாடு மட்டுமில்லை, அதற்கு முந்தின நாளுடையதும் கிடந்ததாம். மயக்க மருந்து கொடுத்திருக்கும் நேரத்தில் அது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆளுக்கே ஆபத்து என்று டொக்டர் குழாயை உடனே எடுத்துவிட்டார். எடுத்தது சரி. அந்த டொக்டர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் என்னிடம் நின்றபடி பேசிய இரண்டு நிமிஷத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "இரைப்பை முடிகிற வாசலில் அடைப்பு. பழைய புண்ணால் வந்திருக்கலாம். கென்சராகவும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது." ரிப்போர்ட்டிலும் அதையேதான் எழுதிக் கொடுத்தார்கள்: உணவு நிறைய இருந்ததால் முழுமையாகப் பார்க்க முடியவில்லை, புற்றுநோய் இல்லை என்று சொல்வதற்கில்லை, மீண்டும் செய்யவும்.

பில் 34,500 ரூபா, முழுத்தொகை. பார்க்கவில்லையே என்றேன். குழாய் உள்ளே போனால் கட்டணம் உண்டு என்றார் காசாளர். அடுத்த வாரம் மறுபடி வந்தால் மறுபடி அதே தொகை. சிடி ஸ்கேனும் சேர்த்தால் கழிவு உண்டு என்று ஒரு தாளை நீட்டினார். என் கோபம் அங்கேதான். முன்பதிவு எடுக்கும் பெண்ணுக்கு 'வாந்தியில் நேற்றைய சாப்பாடு வருகிறதா' என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த 34,500 மிஞ்சியிருக்கும். வயிறு அடைத்தவருக்கு எட்டு மணித்தியாலப் பட்டினி எந்த மூலைக்கு? முன்கூட்டியே நீராகாரத்தில் வைக்க வேண்டும், தேவைப்பட்டால் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்ய வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

வெளியே வந்து வேன் பக்கத்தில் நின்றோம். அத்தை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாத ஆங்கிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போவோம் என்றார் மாமா. நான் முதல் தடவையாக அவரை அதட்டினேன். நேரே அரச வைத்தியசாலைக்கு வேனை விடச் சொன்னேன்.

அங்கே தரையில் முகம் தெரியவில்லை. தரையே தெரியவில்லை, அவ்வளவு சனம். வாங்கு நிரம்பி வழிந்தது. மாமா என் தோளில் சாய்ந்துகொண்டு நின்றார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஒரு இளம் டொக்டர் வந்தார். சிங்களவர். நான் தனியார் ரிப்போர்ட்டை நீட்டினேன். அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மாமாவிடம் கேட்டார்: "மாமே, வமனே மொன பாட்டத?" வாந்தி என்ன நிறம்? மஞ்சளா, பச்சையா, கசப்பா, புளிப்பா? மாமா ஸ்டோரில் படித்த சிங்களத்தில் பதில் சொன்னார்: மஞ்சள் இல்லை, புளிப்பு, நேற்றுச் சாப்பிட்டது. டொக்டர் தலையாட்டினார். பித்தம் வந்து சேரும் இடம் இரைப்பை வாசலுக்கு அந்தப் பக்கம். வாசல் அடைபட்டிருந்தால் மஞ்சள் மேலே வராது. இதை அவர் எனக்குத் தமிழும் சிங்களமும் கலந்து, விரலால் தன் சட்டையிலேயே படம் போட்டுக் காட்டினார்.

அப்புறம் செய்ததுதான் அதிசயம். மாமாவைப் படுக்க வைத்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். கிளக் கிளக். ஸ்டெதஸ்கோப் இல்லாமலே எனக்குக் கேட்டது. "குடத்துல தண்ணி ஆடுற மாதிரி கேக்கும்னு அப்பவே சொன்னேன், எவ கேட்டா?" என்று மாமா அத்தையைப் பார்த்தார். உண்மைதான். சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் சிரித்திருக்கிறோம்.

இப்போது என் கேள்வி ஒன்றுதான். பளபளக் கட்டடத்தில் கேட்காததை, நிற்க இடமில்லாத இடத்தில் ஒருவர் முதல் கேள்வியாகக் கேட்டார். இதற்கு எத்தனை போடுவது?

வார்டில் முதல் இரண்டு இரவும் கட்டில் இல்லை. பாயில்தான் படுத்தார். கழிவறையைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. பார்வையாளர் நேரம் முடிந்தால் வாசல் காவலர் ஒரு நிமிஷம் தரமாட்டார்; அவரிடம் நான் போட்ட சண்டையில் நியாயம் அவர் பக்கம். ஆனால் வேலை நடந்தது. சேர்த்த அன்றே மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். பையில் விடியும்முன் இரண்டு லீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது, புளித்த மாவு மாதிரி. இரத்தத்தில் பொட்டாசியம் 2.6, குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். வாந்தியோடு அமிலம் போகிறது, உப்பு போகிறது, அதன் விளைவாகச் சிறுநீரோடு பொட்டாசியமும் போகிறது. அது இன்னும் இறங்கினால் இதயம் தாளம் தப்பும். மூன்று மாதமாக 'பலவீனம்' என்று நாங்கள் மோல்ட் கரைத்துக் கொடுத்தது இதற்குத்தான். சேலைனில் பொட்டாசியம் சேர்த்து மெதுவாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் மாமா காவலரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலை எண்டோஸ்கோபி. வயிறு இப்போது சுத்தமாகக் காலி. தொண்டைக்கு ஸ்ப்ரே அடித்தார்கள், வேப்பெண்ணெய் குடித்த மாதிரி கசந்ததாம். கதவு பாதி திறந்திருந்தது, நான் வெளியே வாங்கில். இரைப்பை வாசலுக்குப் பக்கத்தில் புண், அதைச் சுற்றிச் சுருங்கிய தழும்பு, குழாய் அதற்கப்பால் போகவில்லை. கென்சரா என்று சோதிக்கப் புண்ணின் ஓரத்திலிருந்து சதைத் துண்டு எடுத்தார்கள். ஒவ்வொரு துண்டும் போத்தலுக்குள் விழும்போது ஒரு மிஸ் எண்ணினார்: "எக்க... தெக்க... துன..." எங்கள் பக்கம் தாதியரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஆறில் டொக்டர் போதும் என்ற மாதிரி ஏதோ சொன்னார். அந்த மிஸ், ஒரு துண்டு ரொம்பச் சின்னது சேர் என்றார். இன்னும் இரண்டு எடுத்தார்கள். "ஹத்த... அட்ட." எட்டு. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

ரிப்போர்ட் வர 12 நாள். இந்த 12 நாளுக்கு யாரும் சேவை மதிப்பெண் கேட்பதில்லை.

எங்கள் பக்கம் கென்சர் என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள். 'மஹரகம' என்பார்கள். அது கொழும்புக்குப் பக்கத்தில் ஓர் ஊர். புற்றுநோய்க்கான தேசிய வைத்தியசாலை, அபேக்ஷா, அங்கே இருக்கிறது. 'அவருக்கு மஹரகமையாம்' என்றால் போதும், லயத்து வரிசை வீடெல்லாம் தலையைக் குனிந்துகொள்ளும். வீட்டுக்கு வந்தவர்கள் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தையிடம் கண்ணாலேயே கேட்டார்கள்: மஹரகமயா? ஒருவர் ஹோர்லிக்ஸ் போத்தல் கொண்டுவந்தார். மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சாகப்போறவனுக்குக் குடுக்கறது" என்று மேசையில் வைத்தார். எல்லாரும் சிரித்தோம். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர் கதிர்காமத்துக்கு நேர்ந்திருந்தார். நான் சாமிக்கு அவ்வளவு நெருக்கமில்லை. ஆனாலும் துண்டு எடுத்த அன்று கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

இரவில் ஃபோனில் தேடித் தேடி வாசித்தேன். செய்யாதீர்கள் என்று சொல்லப் போவதில்லை, எல்லோரும் செய்வீர்கள். அறுபது தாண்டிய வயது, வாந்தி, எடை இறங்குவது என்று எச்சரிக்கைப் பட்டியலில் இருந்த முக்கால்வாசி மாமாவிடம் இருந்தது. முன்பெல்லாம் இப்படி வாசல் அடைத்தால் பெரும்பாலும் பழைய புண்தான் காரணமாம். கெப்சியூல் வந்து புண் குறைந்த பிறகு அடைப்பு என்றால் முதலில் புற்றுநோயையே சந்தேகிக்க வேண்டும் என்று இருந்தது. அதோடு ஃபோனை மூடினேன்.

பதின்மூன்றாம் நாள் கிளினிக். டொக்டர் தாளை வாசித்துவிட்டு, "புற்றுநோய்க் கலங்கள் இல்லை" என்றார். அத்தை அழத் தொடங்கினார். டொக்டர் கையைக் காட்டி நிறுத்தி, "அம்மா, இன்னும் முடியவில்லை" என்றார். துண்டு எடுத்த இடம் தப்பியிருக்கலாம். கெப்சியூல் விழுங்கிக்கொண்டே இருந்தால் கென்சர் புண்கூட ஆறின மாதிரி நடிக்கும். அதனால் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும், எட்டு வாரத்தில் மறுபடி குழாய் விட்டு, மறுபடி துண்டு எடுக்க வேண்டும். நல்ல செய்தியை இவ்வளவு கறாராகச் சொன்னது அன்று எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. இன்று அதற்காகவே ஒரு மதிப்பெண் கூட்டுவேன்.

ரிப்போர்ட்டில் இன்னொன்று இருந்தது: ஹெலிகோபேக்டர் பைலோரி. இரைப்பையில் குடியிருந்து புண்ணை உண்டாக்குகிற கிருமி. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994இலேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளில் முதல் வகையில் சேர்த்துவிட்டது. வார்டில் ஒரு தமிழ் டொக்டர் தம்பி இருந்தார். அவர் மாமாவுக்குக் கதையாகச் சொன்னார்: அவுஸ்திரேலியாவில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்று இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள், கிருமியால் வயிற்றில் நோய் வரும் என்று சொன்னால் ஆட்கள் நம்பவில்லை, மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து வருத்தம் வரவைத்துக் காட்டினார், 2005இல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாமா எல்லாம் கேட்டுவிட்டு, "அதுக்கு எதுக்கு கரைக்கணும்? இந்தக் கேன்டீன் டீயக் குடிச்சிருந்தா போதுமே" என்றார். கேன்டீனுக்கு என் மதிப்பெண்ணும் அதுதான்.

14 நாள் மூன்று மருந்து: அமொக்சிசிலின், கிளாரித்ரோமைசின், ஒமிப்ரசோல். வாயெல்லாம் தகரம் கடித்த மாதிரி இருக்கிறது என்று புலம்பினார். ஒரு வேளைகூட விடவில்லை, அத்தை விடவிடவில்லை. டைக்ளோபெனாக் முற்றாக நிறுத்தம். சிடியில் ஈரல் சுத்தம், கட்டி எதுவும் இல்லை, வாசல் மட்டும் தடித்திருந்தது. அப்புறம் பலூன். குழாய் வழியாகச் சுருங்கிய பலூனை விட்டு, வாசலில் வைத்து ஊதி விரிப்பது. முதல் தடவை 12 மில்லிமீற்றர், இரண்டு வாரம் கழித்து 15. திரும்பவும் இறுகினால் சத்திரசிகிச்சை என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

இடையில் ஹட்டனில் ஒரு பிளெண்டர் வாங்கினேன், 11,900 ரூபா. கரட்டும் பருப்பும் அரைக்கும், கோழியைப் போட்டால் மோட்டர் தீய்ந்த வாசம் வரும். மாமா இரண்டு மாதம் அதில் அரைத்ததையே குடித்தார். பிளெண்டர் பிழைத்துக்கொண்டது. ஐந்துக்கு மூன்று.

எட்டாவது வாரம் மறுபடி எண்டோஸ்கோபி. குழாய் வாசலைத் தாண்டிப் போனது. புண் ஆறித் தழும்பு மட்டும் இருந்தது. அதிலும் துண்டு எடுத்தார்கள், அதுவும் போன மாதம் சுத்தமாக வந்துவிட்டது. அடுத்த கிளினிக் ஒக்டோபரில். எடை 53. காலையில் பாதி ரொட்டி, நன்றாக மென்று, கட்டசம்பல் இல்லாமல். சம்பல் இல்லாத ரொட்டியைப் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

யாராவது வீட்டில் இப்படி வாந்தி எடுக்கிறவர் இருந்தால், எங்கே முன்பதிவு செய்தாலும் ஃபோனிலேயே சொல்லுங்கள்: நேற்றுச் சாப்பிட்டது இன்று வருகிறது, மஞ்சள் இல்லை, இத்தனை கிலோ இறங்கியிருக்கிறது, இன்ன மாத்திரை இத்தனை வருஷம் போட்டார். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். குடிக்கும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். நான் பெயர்களை அழகாக டைப் பண்ணிக் கொண்டுபோனேன், டொக்டர் அட்டையைத்தான் கேட்டார்.

அந்த மெசேஜுக்கு 2 என்று அனுப்பினேன். ஒன்று அந்த டொக்டருக்கு, ஒன்று படிவத்தில் தமிழ் பிழையில்லாமல் இருந்ததற்கு. மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த கவர்மென்ட் ஆஸ்பத்திரில இருந்து மெசேஜ் வரல்லியா?"

"அவங்க அனுப்ப மாட்டாங்க மாமா."

"வந்தா, அந்த எண்ணுன மிஸ்ஸுக்கு எட்டு போடு."

"அஞ்சு வரைக்கும்தான் மாமா போடலாம்."

"எட்டு போடு புள்ள."